சாவி யார் கையில் இருக்கிறது?

2025 ஜூன் மாதத்தில் சென்னை அண்ணா நகரில், வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த விலையுயர்ந்த கார் ஒன்று களவு போனது. கண்காணிப்புக் கேமராக் காட்சிகளைக் கொண்டு விசாரித்த காவல்துறையினர், ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைப் புதுச்சேரியில் கைது செய்தனர். அவர் எம்பிஏ பட்டதாரி என்றும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சொகுசுக் கார்களைத் திருடி விற்றவர் என்றும் காவல்துறை தெரிவித்தது. குற்றச்சாட்டை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். செய்தியைப் படித்த பலரும் அவரது பட்டப்படிப்பைக் கண்டு வியந்தார்கள். வியப்பதற்கு உரியது அந்த இருபது ஆண்டு என்ற கணக்கு. இந்தக் காலத்தில் காரின் பூட்டு அடியோடு மாறிவிட்டது. திருட்டுத் தொழில் மட்டும் நின்றபாடில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். இது பெருநகரத்துச் செல்வந்தர்களின் கவலை என்று நம் மாவட்டத்தவர் ஒதுக்கிவிட முடியாது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்தின் உள்தெருக்களிலும் உள்ள வீடுகளில் பெரும்பாலானவை, கார் வாங்குவோம் என்ற எண்ணமே இல்லாத தலைமுறை கட்டியவை. திண்ணைக்கு இடம் விட்டார்கள், காருக்கு விடவில்லை. ஆகவே கார்கள் இரவு முழுவதும் தெருவில் நிற்கின்றன. மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் தேர் ஓடும் நாள்களில், கார்கள் உரிமையாளரின் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போய்விடுகின்றன. முகூர்த்த நாள்களில் திருவந்திபுரத்தில் நெடுந்தொலைவுக்கு வரிசையாக நிற்கும் வாகனங்களை யார் காவல் காக்கிறார்கள்?

களவுபோகும் வாகனங்களில் இரு சக்கர வாகனங்களே மிகுதி என்பது உண்மை. ஆனால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கார் திருடுபோனால் நேர்வது வாகன இழப்பு மட்டுமன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். விற்பனையக விலை 10 லட்சம் ரூபாய் உள்ள காருக்கு 9 லட்சம் ரூபாய் கடன், 9.5 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 14,700 ரூபாய். இரண்டரை ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் கடன் பாக்கி 6.4 லட்சத்துக்கு மேல் நிற்கும். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி, இரண்டு ஆண்டைத் தாண்டி மூன்று ஆண்டுக்குள் இருக்கும் காரின் மதிப்பில் 30 விழுக்காடு கழிக்கப்படும். முழுத் தொகையும் கிடைத்தால் 7 லட்சம். கடனை அடைத்தபின் கையில் மிஞ்சுவது 56,000 ரூபாய் அளவே. சாவியைக் காரிலேயே விட்டுச் சென்றார் என்பது போன்ற கவனக்குறைவு கண்டறியப்பட்டு, இழப்பீடு 75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டால் கிடைப்பது 5.25 லட்சம். காரும் போய், ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் கடனும் நிற்கும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இதோடு அன்றாட வருவாயும் நின்றுபோகும்.

காரைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகம் இதுவரை கண்ட விடைகளில் பொருளியல் பாடம் ஒன்று இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி, புதியவை, பழையவை என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. திருட்டு சட்டென்று குறைந்தது. 1971-இல் பிரிட்டன் அதையே புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது. திருடர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். ஒரே பூட்டு, இரு வேறு விளைவுகள். பூட்டின் தரத்தைவிட, அது எத்தனை கார்களில் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

அடுத்து வந்தது இமொபிலைசர் எனப்படும் எஞ்சின் முடக்கி. சாவிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். அதன் குறியீடு பொருந்தினால்தான் எஞ்சின் உயிர்பெறும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் யான் வான் ஆவர்ஸ், பென் வொல்லார்ட் இருவரும் இந்த விதியின் பலனை ஆராய்ந்து, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் கார் திருட்டு சராசரியாக 40 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டார்கள். குற்றவியல் ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான வெற்றி அரிதாகவே கிடைக்கும்.

கனடாவும் 2007-இல் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஆக்கவில்லை, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. அங்கே 2015-ஆம் ஆண்டு மாடல்களில், ஹூண்டாய், கியா நிறுவனங்களின் வகைகளுள் 26 விழுக்காட்டில் மட்டுமே எஞ்சின் முடக்கி இருந்தது. மற்ற நிறுவனங்களில் அது 96 விழுக்காடு. இந்தச் சிக்கனத்தின் விலை 2021-க்குப் பிறகு தெரிந்தது. யுஎஸ்பி வயரின் முனையைக் கொண்டே இந்தக் கார்களைக் கிளப்பும் முறையைச் சிறுவர்கள் காணொலியாக்கி டிக்டாக்கில் பரப்பினார்கள். குறைந்தது 8 பேர் உயிரிழந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் தெரிவித்தது. ஏறத்தாழ 83 லட்சம் கார்களுக்கு மென்பொருளை இலவசமாக மாற்றித் தரவும், 20 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வரவும் நிறுவனங்கள் நேர்ந்தது. காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவுள்ள ஒரு கருவியை விட்டதன் விளைவு இது. அதை விட்டது வண்டியின் உரிமையாளர் அல்லர்.

சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் வந்ததும் நிலைமை மீண்டும் மாறிவிட்டது. இத்தகைய கார் ஓரிரு மீட்டருக்குள் எட்டும் மெல்லிய அலையை அனுப்பும், அதைக் கேட்ட சாவி பதில் சொல்லும், கதவு திறக்கும். திருடர்கள் இருவர் வருகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலருகே ஏரியல் போன்ற கருவியுடன் நிற்கிறார். மற்றவர் காருக்கு அருகே நிற்கிறார். காரின் அலையை வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும், சாவியின் பதிலைக் காருக்கும் அவர்கள் கடத்துகிறார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது. குறியீடு எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் பயனில்லை. உரையாடல் உண்மையானது, தொலைவு மட்டுமே பொய். கண்ணாடி உடையாது, சத்தம் எழாது, ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி நூற்றுக்கணக்கான மாடல்களை இம்முறையில் சோதித்துவருகிறது. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை தோற்றன.

வேறு வழிகளும் உண்டு. பழுது பார்ப்பதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற இணைப்பு முனை இருக்கிறது. அதில் ஒரு கருவியைச் செருகிப் புதிய சாவியைக் காருக்கு அறிமுகப்படுத்திவிட முடியும். தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் பிடிபட்ட பல கும்பல்களிடம் இத்தகைய கருவிகளே கைப்பற்றப்பட்டன. 2022-இல் லண்டனில் வாகன மென்பொருள் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் காரே திருடுபோனது. முகப்பு விளக்கின் கம்பிகள் வழியே காரின் உள்வலைக்குள் பொய்யான கட்டளையைச் செலுத்தியிருந்தார்கள். அதற்கான கருவி, சிறிய ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் மறைக்கப்பட்டு விற்கப்பட்டது என்பதையும் அவரும் அவருடைய நண்பரும் கண்டறிந்தார்கள். திருடப்பட்டவரே துப்பறிவாளரும் ஆனது நல்வாய்ப்பு. நம் தெருக்களில் அது நடக்காது.

உரிமையாளர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. சாவியைத் தெருவாசலுக்கு அருகே ஆணியில் மாட்டும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். அலைகளைத் தடுக்கும் உறைகள் சந்தையில் கிடைக்கின்றன. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் சம்படமும் சில நேரம் அந்த வேலையைச் செய்யும். சாவியை உள்ளே போட்டு மூடி, சம்படத்தோடு காரின் அருகே போய்க் கதவைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் சம்படம் பயன்படாது. உதிரிச் சாவிக்கும் இதே காப்பு வேண்டும். சில கார்களில் சாவியில்லாத் திறப்பு வசதியையே அணைத்து வைக்கலாம். விற்பனையகத்தில் கேட்டால் சொல்வார்கள். நம் தந்தையர் காலத்து இரும்பு ஸ்டீயரிங் பூட்டைப் பழமை என்று எள்ளி நகையாட வேண்டியதில்லை. மின்னணுத் திருடருக்கு அதை அறுக்க ரம்பம் வேண்டும்; ரம்பத்துக்குச் சத்தம் உண்டு.

காரின் அறைப்பெட்டியில் பதிவுச் சான்றை வைத்துவிட்டுப் போவது திருடருக்குச் செய்யும் உபகாரம். 2018 நவம்பரில் திருத்தப்பட்ட விதிப்படி டிஜிலாக்கரில் உள்ள மின்னணுப் பிரதியே போதுமானது. திருட்டு தெரிந்தவுடன் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். காவல் நிலையத்தில் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டுமே காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த நியாயத்தைப் பெற அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. இரண்டு சாவிகளையும் ஒப்படைக்குமாறு காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் தொலைந்த அன்றே அதைப் பதிவு செய்துவைப்பது நல்லது.

இவ்வளவையும் செய்யலாம். ஆனால், இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பல, வேறொருவர் விட்ட ஓட்டையை நாம் அடைக்கும் முயற்சிகள். அந்நாளில் பூட்டு சரியில்லை என்றால் கடைக்குப் போய் நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கலாம். எத்தனை லீவர், எவ்வளவு கனம் என்று கையில் எடுத்துப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம். இன்றைய காரின் பூட்டு மென்பொருள். அதை வாங்குபவர் பார்க்க முடியாது, மாற்ற முடியாது, எது நல்லது என்று அறியவும் முடியாது. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. மட்டமானதே நிலைக்கும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். புதிய காரின் பூட்டுக்கும் அது பொருந்தும். இருக்கைக்குத் தோலுறை, கூரையில் கண்ணாடி என்றால் வாங்குபவர் கூடுதல் விலை தருவார். கண்ணுக்குத் தெரியாத குறியீட்டுக்குத் தரமாட்டார். ஆகவே, தயாரிப்பாளருக்கும் அதில் செலவிட முனைப்பு இராது. பூட்டு முற்றிலும் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்ட பிறகும், பூட்டு தோற்றால் வரும் பொறுப்பு மட்டும் உரிமையாளரின் தலையில் இருக்கிறது.

காப்பீடு இந்தக் கோணலைச் சரிசெய்திருக்கலாம். அதன் விலைக்குறிப்பே சமூகத்துக்குச் செய்தி சொல்லும். நம் நாட்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிமுறையில், அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்திய காருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 2.5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. உச்சவரம்பு 500 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டீயரிங் பூட்டுகூட வராது. இந்தத் தொகை எவ்வளவு தவறானது என்பதற்கு ஓர் ஆய்வைக் காட்டலாம். லோஜாக் என்ற இருப்பிடம் காட்டும் கருவியைப் பற்றி அயன் ஐரஸ், ஸ்டீவன் லெவிட் ஆகிய இருவரும் 1998-இல் எழுதினார்கள். அது காருக்குள் எங்கோ மறைந்திருக்கும். எந்தக் காரில் இருக்கிறது என்று திருடருக்குத் தெரியாது. எனவே, கருவி பொருத்திய கார் மட்டுமன்றி, ஊரில் உள்ள எல்லாக் கார்களும் காக்கப்படுகின்றன. பொருத்தியவர் அடைவது மொத்தப் பயனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் அண்டை அயலாருக்கு. வெளியே தெரியும் பூட்டோ, திருடரை அடுத்த வீட்டுக் காருக்கு அனுப்பிவைக்கும். சிதம்பரத்தில் ஒரு தெருவில் பத்துக் கார்கள் நிற்கின்றன என்றால், இரும்புப் பூட்டு ஒன்றைக் காக்கிறது. மறைந்திருக்கும் ஜிபிஎஸ் பத்தையும் காக்கிறது. பின்னதற்கு 500 ரூபாய்க்கு மேல் ஊக்கம் தர நமக்கு மனமில்லை.

தயாரிப்பாளர்களை அசைக்கத் தகவல் போதும் என்று நினைக்கிறேன். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டம், மோதலில் பயணிகளைக் காக்கும் திறனுக்கு நட்சத்திரங்கள் தருகிறது. அந்த நட்சத்திரங்களுக்காக நிறுவனங்கள் போட்டியிடுவதை விளம்பரங்களிலேயே காண்கிறோம். திருட்டைத் தடுக்கும் திறனுக்கு அதில் நட்சத்திரம் இல்லை. ஜெர்மனியில் காப்பீட்டாளர் கூட்டமைப்பு எந்த மாடல் மிகுதியாகத் திருடுபோகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பிரிட்டனில் தாட்சம் ஆய்வு மையம் 2019-இல் பதினொரு புதிய கார்களைச் சோதித்து, அவற்றுள் ஆறுக்குப் பாதுகாப்பு மோசம் என்று வெளிப்படையாகவே மதிப்பெண் போட்டது. இந்தியாவிலும் ஹைதராபாத்தில் இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையம் இருக்கிறது. மோட்டார் இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரங்கள் அங்கே சேர்கின்றன. மாடல் வாரியாகத் திருட்டு இழப்பீட்டு விகிதத்தை ஆண்டுக்கொரு முறை அது வெளியிடட்டும். அடுத்த ஆண்டே விற்பனையகத்தில் வாங்குபவர் கேட்கும் கேள்வி மாறிவிடும். காரின் மென்பொருள் பாதுகாப்புக்கென ஐ.நா. வகுத்த 155-ஆம் விதி, 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அங்கே ஏற்றுமதியாகும் காருக்கு உள்ள காப்பு, ஸ்ரீபெரும்புதூரில் செய்து கடலூரில் விற்கும் காருக்கு ஏன் இருக்கக் கூடாது?

தண்டனையைக் கூட்டுவது மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதையின் 111-ஆம் பிரிவு, கும்பலாகத் தொடர்ந்து செய்யப்படும் வாகனத் திருட்டை அமைப்புசார் குற்றத்தில் சேர்த்து, குறைந்தது ஐந்தாண்டு சிறை என்கிறது. கடுமை போதுமானதே. பிடிபடும் வாய்ப்பு குறைவாக இருக்கும்போது, ஐந்தாண்டும் பத்தாண்டும் திருடரின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான்.

திருடரின் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. திருடிய காரை என்ன செய்வது? ஆவணமில்லாத கார் உதிரிப் பாகங்களின் விலைக்கே போகும். ஆவணத்தோடு விற்றால் பல மடங்கு. அந்த ஆவணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கடலூரைச் சேர்ந்தவர்களைத் தொட வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இங்கேதான் கரை கடந்தது. 2015 பெருமழையையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியதையும் கண்டோம். ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் மூழ்குகின்றன. பழுதுபார்க்கும் செலவு மதிப்பை எட்டும்போது, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று அறிவித்துப் பணம் தந்துவிடுகிறது. வண்டி ஏலத்தில் போகிறது. பல நேரங்களில் பதிவுச் சான்றும் அதோடு போகிறது. ஏலம் எடுப்போர் எல்லாரும் இரும்புக்காக எடுப்பதில்லை. அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு கார் வேறெங்கோ திருடப்படுகிறது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அழிக்கப்பட்டு, மூழ்கிய காரின் எண்கள் பொறிக்கப்படுகின்றன. செத்த வண்டி மீண்டும் சாலையில் ஓடுகிறது. நாட்டின் பல பகுதிகளில் காவல்துறை வெளிக்கொணர்ந்த கும்பல்களின் வழக்கமான முறை இதுவே.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆம் பிரிவு, அழிந்துபோன அல்லது இனி ஓடவே முடியாத நிலைக்கு வந்துவிட்ட வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. வெள்ளத்தில் வீட்டையும் இழந்து நிற்பவர் இந்தப் பிரிவைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இழப்பீட்டுக் காசோலையைத் தரும் காப்பீட்டு நிறுவனத்தால் அதைச் செய்ய முடியும். ஓட இயலாத வண்டி என்று முடிவானால், பதிவு ரத்தானதற்கான அத்தாட்சி இல்லாமல் ஏலம் இல்லை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிடலாம். டிஎன் 31, டிஎன் 91 என்று தொடங்கும் எண்களுக்கு உரிய கடலூர், சிதம்பரம் அலுவலகங்களின் பதிவேட்டில் அந்த எண் அன்றே உயிரிழந்துவிடும்.

அதுவரை, பழைய கார் வாங்குவோர் வண்டியின் பளபளப்பைப் பார்க்கும் முன் சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் அரம் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் அந்த எண்களை இட்டுப் பார்த்தால், களவுபோன வண்டிகளின் பட்டியலில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விற்பவரும் 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பதிவேட்டில் பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பெயர் மாறிவிட்டதா என்பதை எம்பரிவாகன் செயலியில் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.